இரைச்சல் இறக்கும் கல்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ஃபர்னிச்சர் கடை மாடிக்குப் போகிற படிக்கட்டில் கால் வைக்க இடமில்லை. ஆளுக்கொரு பெட்டியோடு நிற்கிறார்கள். ஊரையே காலி செய்துகொண்டு போகிறார்களோ என்று பயந்துவிடாதீர்கள். பெட்டிக்குள் துணிமணி கிடையாது. பெடல் போர்டு இருக்கிறது.

பெடல் போர்டு என்றால் என்னவென்று தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கிதார்காரர்கள் காலால் மிதிக்கிற சின்னச் சின்ன இரும்புப் பெட்டிகள் உண்டு. ஒன்று ஓசையைக் கனமாக்கும், ஒன்று கரகரக்க வைக்கும், ஒன்று சுருதி சரியா என்று காட்டும். இவற்றை ஒரு பலகையில் ஒட்டி, கேபிளால் கோத்து, கரண்ட் கொடுத்தால் பெடல் போர்டு. ஒழுங்காகக் கோத்தால் பாட்டு கேட்கும். ஒழுங்காகக் கோக்காவிட்டால் பாட்டுக்குப் பின்னால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சலும் கூடவே கேட்கும். அது எங்கிருந்து வருகிறது என்று உட்கார்ந்து தேடலாம். அல்லது பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஃபர்னிச்சர் கடை மாடிக்கு வரலாம். தேடுவதற்குப் பொறுமை வேண்டும். மாடிக்கு வரக் கால் இருந்தால் போதும்.

மாடியில் வீற்றிருந்தவர் இரைச்சல் வைத்தியர். நேரில் எல்லோரும் ‘ஐயா’ என்பார்கள். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேன்ட், வெள்ளை சாக்ஸ். செருப்புப் போட மாட்டார். தரைக்கு அடியில் ஓடுகிற சத்தம் உள்ளங்காலில் ஏற வேண்டுமாம். அப்புறம் சாக்ஸ் எதற்கு என்றால், ரொம்ப ஏறிவிடாமல் இருக்கவாம். மனிதர் எதற்கும் ஒரு பதிலைக் கைவசம் வைத்திருப்பார்.

அவருடைய சித்தாந்தம் இது. இரைச்சல் ஒயரில் இல்லை, ஒயரைக் கோத்தவரின் உள்ளே இருக்கிறது. உள்ளே இருப்பது விரல் வழியாக போர்டுக்கு இறங்கும். ஒரு போர்டிலிருந்து பக்கத்து போர்டுக்குத் தொற்றும். மருந்து ஒன்றே ஒன்று: அமைதிக் கல். கோலிக்குண்டு அளவு கருப்புக் கல். அதை போர்டின் அடியில் ஒட்டிவிட்டால் இரைச்சல் இறங்கிவிடும். சின்ன போர்டுக்குச் சின்னக் கல், பெரிய போர்டுக்குப் பெரிய கல், வசதி உள்ளவர்களுக்குக் கல் வரிசை.

கல்லோடு சில விரதங்களும் உண்டு. செல்போனை போர்டுக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. அடாப்டரைத் தள்ளி வைக்க வேண்டும். நைந்துபோன கேபிளை மாற்றிவிட வேண்டும். இதையெல்லாம் செய்தவர்களுக்கு இரைச்சல் குறைந்தது. ஆகா, கல்லின் மகிமை என்றார்கள். செய்யாதவர்களுக்குக் குறையவில்லை. விரதத்தில் குறை என்றார்கள். கல் மட்டும் எந்தப் பக்கம் உருண்டாலும் ஜெயித்துக்கொண்டே இருந்தது.

ஒருத்தருக்குக் கல் ஒட்டின கையோடு விசாவே கிடைத்ததாம். படிக்கட்டில் சத்தியம் செய்துகொண்டிருந்தார். இரைச்சலுக்கும் விசாவுக்கும் என்னய்யா சம்பந்தம் என்று யாராவது கேட்டார்களா? கேட்கிறவர்கள் போர்டில் இரைச்சல் ஏறும் என்று ஐயா சொல்லியிருக்கிறாரே, யார் வாயைத் திறப்பார்கள்.

இந்தக் கூட்டத்தில் பேஸக்காவும் நின்றாள்.

பேஸக்கா மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். ஃப்ரேம் காதில் உறுத்தினால் சரிசெய்து கொடுப்பாள். சாயங்காலமானால் அண்ணனுடைய இசைக்குழுவில் பேஸ் கிதார் வாசிப்பாள். அந்தக் குழுவின் டிரம்ஸ்காரன் வைத்த பெயர் பேஸக்கா. ஊர் அதையே பிடித்துக்கொண்டது. வீட்டில் மட்டும் அண்ணனுக்கு அவள் இன்னும் பாப்பா. அண்ணன் கீபோர்டு, அண்ணி பாட்டு. இத்தனை காலமும் ஹோட்டல் விருந்து, கம்பெனி விழா என்று வாசித்துக்கொண்டிருந்தவர்களுக்கு இப்போது கப்பலில் வேலை வந்திருந்தது. உல்லாசப் பயணிகள் கப்பல். தினமும் சாயங்காலம் வாசிக்க வேண்டும், வருஷம் முழுக்க. பேஸக்கா கண்ணாடிக் கடையில் வேலையை விடுவதாகச் சொல்லியே விட்டாள். இனிமேல் வாசிப்பது மட்டுமே தொழில்.

கப்பல் அறை தீப்பெட்டி மாதிரி இருக்குமாம். பழைய போர்டு அதற்குள் நுழையாது. அதனால் மேஜை டிராயர் ஒன்றின் அடிப்பலகையை உருவி, பெடல் நகராமல் பிடித்துக்கொள்ள அதில் வெல்க்ரோ பட்டை ஒட்டி, நாலே பெடலில் சின்னதாக ஒரு போர்டு கட்டினாள். கண்ணாடிக் கடைக் கை ஆயிற்றே, அத்தனை ஒழுங்கு. மிச்சமிருந்த ஒயரையெல்லாம் சேர்த்து, ஜடை பின்னுகிற மாதிரி முறுக்கி, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கி, பலகைக்கு அடியில் மறைத்துவிட்டாள். பார்த்தவர்கள் “அடேயப்பா, கடையில வாங்கினது மாதிரி இருக்கு” என்றார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. பிளக்கைச் சொருகினால் ‘ம்ம்ம்’ என்றது.

அண்ணனுக்கு அது போதும். ஏற்கெனவே தன் கீபோர்டுக்கு அடியில் கல் வரிசையே ஒட்டி வைத்திருக்கிற ஆள் அவர்.

“பாப்பா, கப்பல்காரங்க முன்னாடி இந்த ம்ம்ம்மோட போய் நிக்க முடியுமா? ஐயாகிட்ட ஒரு தடவை காட்டிடலாம். நீ ஒண்ணும் பேசாதே, நான் பேசிக்கிறேன்.”

அவர் முன்னமே நிறையப் பேசியிருந்தார். கப்பல், ஒப்பந்தம், எத்தனை பேர் போகிறார்கள், எல்லாம் ஐயாவுக்குத் தெரிந்திருந்தது. ஐயாவின் மனைவிக்கு ஒரு தம்பி, அந்தத் தம்பிக்கு ஒரு மகன், அந்த மகனும் பேஸ் வாசிப்பான், அவனுக்கும் வேலை இல்லை. இது மட்டும் அண்ணனுக்குத் தெரியாது.

ஹாலில் திரையெல்லாம் இழுத்து மூடினார்கள். சுவரோரம் ஐயாவின் சிஷ்யை ஒரு கையைச் சுவரில் ஊன்றிப் பக்தியோடு நின்றாள். வைத்தியத்துக்கு இரண்டு படி. முதலில் ‘பணிவு வெளிச்சம்’, விளக்குகள் பாதியாகக் குறையும். அப்போது போர்டில் உள்ள குற்றமெல்லாம் வெளியே வரும். பிறகு ஐயா கல்லை நீட்டுவார், ‘அமைதி இருட்டு’ இறங்கும். குற்றம் ஓடிவிடும்.

பேஸக்காவுக்கு முன்னால் போன மூன்று பேருக்கும் அப்படியே நடந்தது. கிதார் சத்தத்தைப் பெரிதாக்குகிற ஆம்ப் பெட்டி பாதி வெளிச்சத்தில் ‘ஜிர்ர்ர்’ என்று கத்தியது. கூட்டம் உச்சுக் கொட்டியது. கல் நீண்டது, இருட்டு இறங்கியது, சத்தம் கப்பென்று நின்றது. கைதட்டல். மூன்று பேரும் அந்த இருட்டிலேயே பணப்பையைத் தேடினார்கள்.

பேஸக்கா மேடை ஏறினாள். பணிவு வெளிச்சம். ‘ஜிர்ர்ர்.’ ஐயா அவள் தோளைத் தொடாமல் தொட்டு மெல்ல ஒரு சுற்றுச் சுற்ற வைத்தார். ஒரு திசையில் சத்தம் ஏறியது, ஒரு திசையில் இறங்கியது.

“பாத்தீங்களா, திசை தேடுது” என்றார் கூட்டத்திடம். “அம்மா, கம்பியிலேருந்து கையை எடு.”

எடுத்தாள். சத்தம் கூடியது.

“வை.”

வைத்தாள். குறைந்தது.

“எடுத்தா கத்துது, தொட்டா பதுங்குது. இது போர்டுல இருக்கிற இரைச்சல் இல்லை. இந்தப் பொண்ணு உடம்புல இருக்கு.”

கூட்டம் ஓர் அடி பின்னால் நகர்ந்தது. தொற்றிவிட்டால்?

ஐயா கல்லை நீட்டினார். இருட்டு இறங்கியது. சத்தம் நிற்கவில்லை. கொஞ்சம் கம்மியாகி, ‘ஜிர்ர்ர்’ என்று இழுத்துக்கொண்டே இருந்தது. ஐயா நீண்ட பெருமூச்சு விட்டார்.

“இரைச்சல் உடம்பு” என்றார். “கல்லுக்கே கட்டுப்படல. வருஷக்கணக்குல சுத்திகரிப்பு நடத்தணும். அதுவரைக்கும் இந்தப் பொண்ணு எந்தக் குழுவோட ஒயர்லயும் ஒயரைச் சொருகக் கூடாது. எல்லாருக்கும் ஏறிடும். உங்க கப்பலுக்குச் சுத்தமான விரல் உள்ள ஆள் வேணும்னா, நம்ம பையன் ஒருத்தன் இருக்கான்.”

பேஸக்கா கேபிளை உருவினாள். அத்தனை பேர் பார்க்க அவமானம். அதைவிட, அண்ணன் தலையாட்டிக்கொண்டு நின்றது. அவளுக்கு அழுகை வந்தது. கோபமும் வந்தது. எதை முதலில் வெளியே விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கிக்கொண்டு படி இறங்கினாள்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணன் மெதுவாக ஆரம்பித்தார். “அடுத்த ஞாயிறு அந்தப் பையனை ஐயா மேடையில வாசிக்க வைக்கிறாராம். கேட்டுட்டு, அன்னிக்கே கப்பலுக்குப் பேர் குடுத்துடலாம்னு...”

“என் பேரை எடுத்துட்டா?”

“எடுக்கலம்மா. தள்ளி வைக்கிறேன். நீ சுத்தமாயிட்டு அடுத்த கப்பல்ல வா.”

“ஆமாமா, கப்பல் என்ன, அஞ்சு நிமிஷத்துக்கு ஒண்ணு வருமே. டவுன் பஸ்ஸு பாருங்க” என்றாள் அண்ணி, சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டே.

பேஸக்கா அண்ணியின் கத்தரிக்கோலை எடுத்தாள். போர்டைக் கொண்டுபோய் முன்னறைத் தரையில் கவிழ்த்தாள். டையையெல்லாம் வெட்டினாள். பெடல்களைப் பிய்த்தாள். அடாப்டரைப் பிடுங்கினாள். பேஸை நேரடியாக ஆம்பில் சொருகினாள். சத்தமில்லை. அதே உடம்பு, அதே விரல். உடம்பில் இருக்கிற இரைச்சல் இப்போது எங்கே வெளியூர் போயிருக்கிறது?

முதல் பெடலைச் சேர்த்தாள். சத்தமில்லை. இரண்டாவது. இல்லை. ஒன்றைச் சேர்ப்பது, கேட்பது, அப்புறம்தான் அடுத்தது. போர்டு கட்டுகிற எல்லோருக்கும் தெரிந்த வழிதான் இது. அவசரத்தில் எல்லோரும் விட்டுவிடுகிற வழியும் இதுதான். நாலும் சேர்ந்தாயிற்று, சத்தமில்லை. மிச்ச ஒயரைப் பழையபடி சுருட்டி, கரண்ட் ஒயரையும் பாட்டு போகிற கேபிளையும் ஒன்றாக முறுக்கினாள். ‘ம்ம்ம்.’ பிரித்தாள். நின்றது. முறுக்கினாள். ‘ம்ம்ம்.’

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழகாக இருக்கட்டும் என்று பின்னின ஜடைதான் அத்தனைக்கும் காரணம். கரண்ட் ஒயரைப் பலகையின் ஒரு ஓரமாக விட்டாள், பாட்டுக் கேபிளை மறு ஓரமாக விட்டாள். ஒன்றையொன்று தாண்டவேண்டிய இடத்தில் மட்டும் குறுக்காகத் தாண்ட வைத்தாள். பார்க்கக் கொஞ்சம் அவலட்சணம். கேட்க நிம்மதி.

“அண்ணா, வந்து கேளு.”

அண்ணன் கேட்டார். காதை ஆம்பிலேயே வைத்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. “பாத்தியா! ஐயா கல்லை நீட்டினாரில்ல, அது இப்பத்தான் வேலை செய்யுது.”

“கல்லு இங்க எங்கண்ணா இருக்கு?”

“அவர் நீட்டினாலே போதும். அது கூடவே வரும்.”

“அப்ப என் உடம்பு சுத்தமாயிடுச்சா?”

“அப்படிச் சொல்ல முடியாது. பதுங்கியிருக்கும்.”

“சத்தம் வந்தா என் உடம்பு. சத்தம் நின்னா அவர் கல்லு. சரி, என்ன நடந்தா அவர் சொல்றது தப்புன்னு நீ ஒத்துக்குவ? ஒண்ணே ஒண்ணு சொல்லு.”

அண்ணன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார், பாவம். ஒன்றும் கிடைக்கவில்லை. “நீ ரொம்பப் பேசற, பாப்பா” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

அண்ணி நூலைப் பல்லால் கடித்தாள். “நான் ஒண்ணு கேட்கலாமா? மாடியில உனக்கு மட்டும் ஏன் இருட்டு சரியா இறங்கல?”

“என்னது?”

“மத்தவங்களுக்குக் கும்மிருட்டு. என் கையே எனக்குத் தெரியல. உன் முறை வந்தப்ப உங்கண்ணன் வாயைப் பிளந்துக்கிட்டு நின்னது எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. விளக்கெல்லாம் சிவப்பா முணுக்கு முணுக்குன்னு எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.”

பேஸக்கா கையிலிருந்த கேபிளைக் கீழே வைத்தாள். இதில் இன்னொன்றும் இருந்தது. வீட்டில் கேட்டது ‘ம்ம்ம்’. மாடியில் கேட்டது ‘ஜிர்ர்ர்’. இரண்டும் ஒரே வியாதி இல்லை. மூக்கடைப்பும் தும்மலும் மாதிரி, வேறே வேறே.

“அண்ணி, அந்தப் பொண்ணு சுவர்ல கை வெச்சுக்கிட்டு நின்னாளே, அங்க என்ன இருந்துச்சு?”

“ஃபேனுக்கு வைக்கிற மாதிரி திருகு ஒண்ணு” என்றாள் அண்ணி. “உன் முறைக்கு மட்டும் அவ அதைக் கடைசிவரைக்கும் திருகல.”

மேடைகளில் வாசிக்கிறவளுக்கு அதன் பெயர் தெரியாதா? டிம்மர். திருகினால் வெளிச்சம் கூடும், குறையும். சில பழைய ஹோட்டல் ஹாலில் விளக்கைப் பாதியில் வைத்தால் பேஸ் ‘ஜிர்ர்ர்’ என்னும், முழுக்க அணைத்தால் சும்மா இருக்கும். கரண்டைத் துண்டு துண்டாக வெட்டி விளக்குக்கு அனுப்புகிறது அந்த டிம்மர், வெட்டுகிற சத்தம் பேஸில் இருக்கிற காந்தச் சுருளில் விழுகிறது. பேஸைத் திருப்பினால் அது ஏறும் இறங்கும், யார் கம்பியைத் தொட்டாலும் குறையும். அவளுக்கு இது தெரிந்ததுதான். தெரிந்திருந்தும் மேடையில் நிற்கும்போது தன் உடம்பைத்தானே சந்தேகப்பட்டாள்! அதை நினைத்தபோது வைத்தியரைவிடத் தன் மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு கூட்டம் இன்னும் அதிகம். சுத்தமான விரலைப் பார்க்க வந்த கூட்டம். முன்வரிசையில் அந்த மச்சான் மகன், சுத்தமான விரல்களை மடியில் வைத்துக்கொண்டு கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தான். கடைசி வரிசையில் கட்டிடத்துக்குச் சொந்தக்காரர், கீழே ஃபர்னிச்சர் கடை முதலாளி. கூட்டத்தில் பத்துப் பேராவது இறங்கும்போது ஒரு நாற்காலி வாங்கிப் போவார்கள் என்கிற நம்பிக்கையில் வாராவாரம் வருகிறவர்.

பேஸக்கா போர்டோடு எழுந்து நின்றாள். “ஐயா, நீங்க சொன்னது மனசை உறுத்திக்கிட்டே இருக்கு. எனக்கு இன்னொரு தடவை கல்லை இறக்கிப் பாருங்க. எங்கண்ணன் இன்னிக்குப் பேர் குடுக்கப் போறார்.”

கூட்டம் இரக்கப்பட்டது. ஐயாவுக்கும் மறுக்க வழியில்லை. இன்றைக்கு இறங்காமல் போனால் தனக்கு இன்னும் நல்லதுதானே. வா என்று கையசைத்தார். சிஷ்யை திருகிடம் போனாள். போனால், அண்ணி அங்கே சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தாள்.

“நீ போய்க் கொஞ்சம் உட்காரும்மா. கால் வலிக்காது? நான் பக்தியா நின்னுக்கறேன்” என்றாள் அண்ணி. பெரிய குரல்காரி, பக்கத்தில் நின்று சொன்னால் யாரும் உட்கார்ந்துவிடுவார்கள். சிஷ்யை உட்கார்ந்தாள்.

“பணிவு வெளிச்சம்” என்றார் ஐயா, திரும்பிப் பார்க்காமல்.

அண்ணி பாதிக்குத் திருகினாள். ‘ஜிர்ர்ர்.’

“கேக்குதா? இரைச்சல் உடம்பு” என்றார் ஐயா. கல்லை நீட்டினார். “இறங்கு!”

அண்ணி கடைசிவரை திருகினாள். கும்மிருட்டு. நிசப்தம்.

ஐயாவுக்கே இது எதிர்பாராத மகிமை. இருட்டில் அவர் எச்சில் விழுங்கியது எல்லோருக்கும் கேட்டது. கூட்டம் ‘ஆ’ என்றது. கைதட்டல் கிளம்பியது. கல்லுக்குக் கட்டுப்படாத உடம்புகூடக் கட்டுப்பட்டுவிட்டதே!

“கை தட்டாதீங்க, கொஞ்சம் இருங்க” என்றாள் பேஸக்கா இருட்டுக்குள்ளிருந்து. “கல்லு ஐயா கையிலயே இருக்கட்டும். நீட்டினபடியே இருங்கய்யா, கையை எடுத்துடாதீங்க. அண்ணி, பாதி வெளிச்சம்.”

‘ஜிர்ர்ர்.’ கல் நீட்டிய கை அப்படியே அந்தரத்தில் நின்றது.

“அணைங்க.”

நிசப்தம்.

“பாதி.”

‘ஜிர்ர்ர்.’

“முழுசா ஏத்துங்க.”

சத்தம் வெகுவாகக் குறைந்தது. முழு வெளிச்சத்தில் ஐயாவின் முகம் தெரிந்தது. கையில் கல்.

“இப்ப அந்தக் கல்லைக் கீழ ஃபர்னிச்சர் கடையில கொண்டுபோய் யாராவது வெச்சுட்டு வாங்க” என்றாள். கூட்டத்தில் இருந்த டிரம்ஸ்காரன் ஐயாவின் விரல்களைப் பிரித்துக் கல்லை எடுத்துக்கொண்டு படி இறங்கினான். “அண்ணி, அணைங்க.”

நிசப்தம். கல் கீழே ஒரு கட்டிலின் மேல் படுத்திருந்தது. இரைச்சல் மேலே இறங்கியிருந்தது.

அண்ணிக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. திருகை இப்படியும் அப்படியும் ஆட்டத் தொடங்கினாள். ஜிர், நிசப்தம், ஜிர்ஜிர், நிசப்தம். பாட்டுக்காரி அல்லவா, தாளம் தப்பவில்லை. பின்வரிசையில் ஒருத்தர் முதலில் சிரித்தார்.

ஐயா கையை உயர்த்தினார். “இது துஷ்ட வெளிச்சம்! அந்தப் பொண்ணு உடம்புல இருக்கிறது விளக்குல ஏறிடுச்சு!”

கூட்டத்தில் பாதி அதையும் நம்பத் தயாராகத்தான் இருந்தது. பேஸக்கா பேஸைத் தோளிலிருந்து கழற்றினாள். முன்வரிசைக்குப் போய் அந்தப் பையனிடம் நீட்டினாள்.

“நீ வாப்பா. உனக்குத்தான் சுத்தமான விரல். நான் வெளியே படிக்கட்டுல போய் நின்னுக்கறேன். என் உடம்பு இங்க இருக்காது.”

பையன் ஐயாவைப் பார்த்தான். ஐயா கூரையைப் பார்த்தார். பையன் பேஸை மாட்டிக்கொண்டான். பேஸக்கா கதவுக்கு வெளியே போனாள். அண்ணி திருகைப் பாதிக்கு வைத்தாள்.

‘ஜிர்ர்ர்ர்.’

பையன் கையைப் பதறி எடுத்தான். எடுத்தால் சத்தம் கூடியது. அவனுக்கு வியர்த்துவிட்டது. “மாமா, என் விரலுக்கு என்னாச்சு?”

மாமாவிடம் எதற்கும் பதில் உண்டு என்று முன்னால் சொன்னேன். இதற்கு இல்லை.

அப்போதுதான் கடைசி வரிசையிலிருந்து ஃபர்னிச்சர் கடைக்காரர் எழுந்தார். “அந்தத் திருகைக் குத்தம் சொல்லாதீங்கய்யா. என் கட்டிடத்துல சாதா சுவிட்சுதான் இருந்துச்சு. வாடகைக்கு வந்ததும் அதைப் பிடுங்கிட்டு, எங்கேயோ தேடிப் பிடிச்சு இந்தப் பழைய திருகைக் கொண்டாந்து மாட்டினவரு இவர்தான். ஏன்யா, புதுசா மாட்டக் கூடாதான்னு கேட்டேன். புதுசுல குணம் இருக்காதுன்னாரு!”

அதற்கப்புறம் நடந்ததை விவரிக்க வேண்டாம். கல் வாங்கினவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ சாவியால் கல்லைச் சுரண்டினார்கள். கருப்புப் பெயின்ட் உரிந்து, அடியில் மீன்தொட்டியில் போடுகிற வெள்ளைக் கூழாங்கல் தெரிந்தது. ஐயா சாக்ஸோடு பின்பக்கப் படியில் இறங்கிப் போய்விட்டார். உள்ளங்காலில் என்ன சத்தம் ஏறியதோ தெரியாது. கூட்டம் போட்ட சத்தம் தெருமுனை வரை கேட்டது.

அண்ணன் படிக்கட்டுக்கு வந்தார். பேஸக்கா அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கைப்பிடிச் சுவரைப் பார்த்தார்.

“என்ன நடந்தா ஒத்துக்குவேன்னு கேட்டியே” என்றார். “இது நடந்தா ஒத்துக்குவேன். ஒத்துக்கிட்டேன். அத்தனை பேர் முன்னாடி உன்னை விட்டுக் குடுத்துட்டேன், பாப்பா. என்னைச் செருப்பால அடி.”

“அடிக்கறதுக்கு நேரமில்ல. பேரைக் குடு.”

“அங்கேருந்தே கப்பல்காரங்களுக்குப் போன் போட்டுக் குடுத்துட்டேன். நாலு பேர். நீதான் முதல் பேரு.” இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டார்கள். பிறகு அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டார். “கீபோர்டுல ஒட்டின கல்லு மட்டும் இருக்கட்டுமா? சும்மாதான். கப்பல் பயணம்... ஒரு தைரியத்துக்கு.”

“கழட்டு.”

“சரி.”

இத்தோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் படிக்கட்டில் கூட்டம் கலையவில்லை. பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நின்றது, இந்தத் தடவை பேஸக்காவைப் பார்த்து. விசா கிடைத்தவர்தான் முதலில் நின்றார். பெட்டியைத் திறந்து அவள் காலடியில் வைத்தார்.

“அம்மா, நீங்க சொன்னா இரைச்சல் வருது, நீங்க சொன்னா போகுது. அவரைவிட நீங்கதான் சக்தி. ஒரு தடவை கை வெச்சுக் குடுங்கம்மா.”

பேஸக்கா அவரைப் பார்த்தாள். வரிசையைப் பார்த்தாள். இவர்கள் யாரும் முட்டாள்கள் இல்லை. நாளெல்லாம் கணக்குப் பார்க்கிறவர்கள், வண்டி ரிப்பேர் செய்கிறவர்கள், பரீட்சைத் தாள் திருத்துகிறவர்கள். மாடிப்படி ஏறும்போது மட்டும் எல்லாவற்றையும் கீழே கழற்றி வைத்துவிட்டு ஏறுகிறார்கள்.

“இந்தக் கையில ஒண்ணும் இல்லீங்க” என்றாள். “வீட்டுக்குப் போய் ஒயரையெல்லாம் கழட்டுங்க. ஒவ்வொண்ணா மாட்டிக் கேளுங்க. எதை மாட்டினப்ப சத்தம் வருதோ, அதுதான். உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு பாருங்க, அதுக்கு அடாப்டரும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். அதைக் கொஞ்சம் ஆன் பண்ணுங்க, போதும்.”

விசாக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“அது எந்தக் கம்பெனிதும்மா?”

சிரிக்கிறீர்கள் அல்லவா? சிரித்து முடித்ததும் எழுந்து போய், உங்கள் வீட்டில் எதற்கு அடியில் யார் விற்ற கல் ஒட்டியிருக்கிறது என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். குனிய வெட்கமாக இருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் பாருங்கள். இத்தனை காலமும் அப்படித்தானே பார்த்தோம்.